ஒன்று, இரண்டு, பத்து: ஒரு தேய்ந்த பட்டடையின் பெறுமதி

கொக்குவிலில், கே.கே.எஸ். வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையொன்றில், பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த கம்மாலை ஒன்றைத் திறந்தபோது நானும் நின்றேன். அங்கே வேலைசெய்த ஆசாரியார் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். காணியை விற்பதற்கு முன் உள்ளே கிடப்பதை ஒதுக்க வேண்டும். துருத்தியின் தோலைக் கறையான் தின்றிருந்தது. குறடுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நடுவில், அரைவாசி மண்ணுக்குள் புதைந்த புளியங்குற்றியின் மேல், பட்டடை மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. முகம் பள்ளமாகத் தேய்ந்து, ஒரு விளிம்பு பொரிந்து, வால்மூலை ஒன்று உடைந்துபோன பட்டடை. பழைய இரும்பு வாங்குபவர் முதல்நாளே வந்து கிலோக் கணக்கில் விலை பேசிவிட்டுப் போயிருந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் என்னிடம் கேட்டார்: "தம்பி, இது இரும்பு விலைக்கு மேல ஏதும் பெறுமோ? இல்லாட்டி ஏத்திவிடட்டோ?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பெறுமதி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இரும்பாக இது எவ்வளவு, கருவியாக இது எவ்வளவு, பழம்பொருளாக இது எவ்வளவு. பழைய இரும்புக்காரர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறார். வெளிநாட்டிலுள்ள சேகரிப்பாளர் மூன்றாவதற்குப் பதில் சொல்வார். இரண்டாவது கேள்வியைக் கேட்கும் ஆட்கள் எங்கள் ஊரில் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஆனால் பட்டடையைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது கேள்விதான் தலைக்கேள்வி. மற்ற இரண்டுக்கும் உரிய விடை அதிலிருந்தே பிறக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது இதைத்தான்.

தமிழில் இதற்கு உலைக்கல், அடைகல், பட்டடை என்று பல பெயர்கள். திருக்குறளின் கூடாநட்பு அதிகாரத்தில் முதற் குறளிலேயே, 821ஆம் குறளில், பட்டடை வருகிறது: தாங்கி நிற்பதுபோல் நின்று, சமயம் வந்ததும் அடிபட விடும் நட்புக்கு உவமையாக. உலைக்கருகே ஒரு நாளாவது நின்று பார்த்தவருக்குத்தான் அந்த உவமை இவ்வளவு கூர்மையாக வாய்க்கும். எங்கள் பக்கத்தில் பொற்கொல்லரும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய பட்டடை உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கொல்லருடையதை இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்குவது கடினம். கே.கே.எஸ். வீதியில் கொக்குவிலுக்குத் தெற்கே வரும் தட்டாதெருச் சந்தியின் பெயர், உலோகம் தட்டியவர்கள் இந்தப் பக்கம் எவ்வளவு பழகிய குடிகள் என்பதற்கு இன்னும் சாட்சி.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரும்புக்கு எப்போதும் ஒரு தனி மதிப்பு இருந்தது. எங்கள் நிலம் சுண்ணக்கல்லின் மேல் நிற்கிறது. இரும்புத்தாது இங்கே இல்லை. கொக்குவிலுக்கு அயலிலுள்ள ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தெடுத்த பெருங்கற்காலப் புதைகுழி, இரும்பைக் கையாண்ட மக்கள் இங்கே எவ்வளவு முன்பே வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. அவர்கள் கையாண்ட இரும்பும் வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். தீவின் தெற்கே சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் வேகத்தாலேயே எரிந்த பழைய இரும்புருக்கு உலைகளை ஆய்வாளர் கில் ஜூலெஃப் கண்டறிந்து 1996இல் எழுதினார். தாது அங்கே, காடு அங்கே, காற்றும் அங்கே. இங்கே இருந்தவை தோட்டமும், கிணறு வெட்டக் கல்லும், அந்தக் கல்லோடு மோதி மழுங்கிய அலவாங்குகளும். ஆகவே இங்கத்தைய கொல்லரின் வேலையில் பெரும்பங்கு, வந்த இரும்பைத் திரும்பத் திரும்ப உயிர்ப்பிப்பதாக இருந்தது. மழுங்கியதைக் கூராக்குவது, தேய்ந்த மண்வெட்டிக்கு நாக்கு வைப்பது, வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் போடுவது, உலக்கைக்குப் பூண் கட்டுவது. எதையும் எறியாத ஒரு பொருளாதாரத்தின் நடுவில் நின்ற பொருள் பட்டடை. அதையே எடைபோட்டு எறிவதென்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கம்மாலைப் பட்டடைக்கு வருவோம். பக்கவாட்டில் படிந்திருந்த கரியையும் துருவையும் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது எழுத்துகள் மேலெழுந்தன. முழுவதும் இல்லை, ஆனால் வாசிக்கப் போதுமானவை. பீற்றர் றைற், பேற்றன்ற். இங்கிலாந்தின் டட்லி நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பட்டடை அடித்து உலகமெங்கும் அனுப்பிய தொழிற்சாலை அது. பிரித்தானியர் ஆண்ட நாடுகளின் றெயில்வேப் பட்டறைகளிலும் தோட்டங்களிலும் கம்மாலைகளிலும் அதன் பட்டடைகள் பரவிக் கிடக்கின்றன. எழுத்துகளுக்குக் கீழே மூன்று எண்கள், இடைவெளி விட்டு: 1, 2, 10.

இந்த எண்களைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். 1210 என்று ஆண்டாக வாசித்தவரையும் கண்டிருக்கிறேன். அவை எடை. எங்கள் ஊர்க்காரருக்கு அதை வாசிக்கத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் வெங்காயமும் விறகும் நாங்கள் அந்தக் கணக்கில்தான் வாங்கி விற்றோம். முதல் எண் அந்தர். ஓர் அந்தர் 112 இறாத்தல். இரண்டாவது எண் கால் அந்தர், அதாவது ஒவ்வொன்றும் 28 இறாத்தல். மூன்றாவது எண் மிஞ்சிய இறாத்தல். ஆகவே 1, 2, 10 என்றால் 112, 56, 10 மூன்றையும் கூட்டி 178 இறாத்தல். ஏறக்குறைய 81 கிலோ.

இந்த எண் சேகரிப்பாளருக்கு அடையாளம். எனக்கு அது வேறொரு வழியில் பயன்படுகிறது. பட்டடை தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளில் இருந்த எடை அதன் விலாவிலேயே வெட்டியிருக்கிறது. இன்றைய எடையைப் போட்டுப் பார்த்தால், இடையில் எவ்வளவு இழந்தது என்று தெரிந்துவிடும். முகம் நாலரை அங்குல அகலமும் 14 அங்குல நீளமும் உள்ள ஒரு பட்டடையில் ஒரு மில்லிமீற்றர் இரும்பு என்பது கிட்டத்தட்ட 320 கிராம். யாராவது அழகுபடுத்துவதாக எண்ணி மூன்று மில்லிமீற்றர் சீவியிருந்தால் ஒரு கிலோ குறையும். முகத்தின் உருக்குத் தகடே பெரும்பாலும் அரை அங்குலத்துக்கு மேல் இல்லை என்பதை நினைத்தால், எடையில் ஏழெட்டு இறாத்தல் குறைந்த பட்டடையை ஏன் இரண்டுமுறை யோசித்து வாங்க வேண்டும் என்பது விளங்கும். வெட்டிய எடையில் ஓரிரு இறாத்தல் பிசகு தொழிற்சாலையிலேயே இருந்திருக்கலாம். அதற்குமேல் போனால் காரணம் தேட வேண்டும்.

வெங்காயம் நிறுக்கும் பெரிய தராசொன்றில் இதை ஏற்றினோம். 79 கிலோ. அதாவது 174 இறாத்தல். நாலு இறாத்தல் குறைவு. உடைந்த வால்மூலை, பொரிந்த விளிம்பு, முகத்துப் பள்ளம் எல்லாவற்றுக்கும் அது கணக்காகப் பொருந்தியது. கிரைண்டர் இந்த முகத்தைத் தொடவில்லை என்று அப்போதே எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் பட்டடை நல்லதா கெட்டதா என்பதை எடை சொல்லாது. அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலப் பட்டடையின் உடல் தேனிரும்பு. மென்மையானது, வெடிக்காது. அதன் மேல் உருக்குத் தகடு ஒன்றை உலைச்சூட்டில் பழுக்கவைத்து அடித்து ஒட்டி, பிறகு தோய்ச்சல் கொடுத்து முகத்தைக் கடினமாக்கினார்கள். ஷெஃபீல்டில் மவுஸ் ஹோல் என்ற பேர்பெற்ற பட்டடைத் தொழிற்சாலை ஆற்றங்கரையில் அமைந்திருந்தது. இவ்வளவு பெரிய இரும்புக்குத் தோய்ச்சல் கொடுக்க வாளித் தண்ணீர் போதாது. வெள்ளமாக ஓடும் தண்ணீர் வேண்டும். வேறு வகைகளும் உண்டு. முழுவதும் உருக்கில் வார்த்த சுவீடன் பட்டடைகள் மிக நல்லவை. அமெரிக்காவின் ஃபிஷர் தொழிற்சாலை வார்ப்பிரும்பு உடலில் உருக்கு முகத்தை வார்க்கும்போதே சேர்த்து ஒட்டியது. இவற்றோடு, பட்டடை போலத் தோற்றம் மட்டும் கொண்ட வெறும் வார்ப்பிரும்புத் துண்டுகளும் இன்று புதிதாக விற்பனைக்கு வருகின்றன. சுத்தியல் அதில் விழுந்தால் செத்துப்போகும். விளிம்பு சில்லாகத் தெறிக்கும். புதியது என்பதற்காக அதை வாங்குபவர், நூறு ஆண்டு தேய்ந்த தேனிரும்புப் பட்டடையை விட்டு அதை வாங்கினால் நட்டம் அவருக்குத்தான்.

தாவடியில் இன்னும் உலை மூட்டுகிற மூத்த கொல்லர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் வந்தவுடன் பட்டடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆயுத பூசைக்கு விபூதியும் சந்தனமும் வைக்கிற பொருளை அவர் வேறு எப்படித் தொடுவார். பிறகு, குற்றியோடு இறுக்கியிருந்த இரண்டு இரும்புப் பட்டிகளையும் கழற்றச் சொன்னார். "கட்டின பட்டடை வாய் திறவாது, தம்பி." கழற்றியபின் சிறு சுத்தியலால் முகத்தின் மேல் தட்டிக்கொண்டே போனார். கொம்புப் பக்கத்தில் மணியாக ஒலித்தது. நடுவிலும் அப்படியே. பொரிந்த விளிம்புக்குக் கிட்ட வந்தபோது சத்தம் மந்தமாகியது. திரும்பத் தட்டினார். திரும்பவும் மந்தம். "உந்த மூலைக்குள்ள தகடு விட்டிட்டுது. கேளும், உள்ளுக்குக் காத்து நிக்குது." குனிந்து பார்த்தபோது முகத்துக்கும் உடலுக்கும் இடையில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. இரண்டு விரலளவு நீளம், அதற்குமேல் போகவில்லை.

ஒலிச் சோதனை அவருக்குப் போதும். காதில் அத்தனை ஆண்டு பழக்கம் இல்லாதவர்களுக்குக் குண்டுச் சோதனை இருக்கிறது. லொறிச் சில்லுப் பெயரிங்கிலிருந்து கழற்றிய ஓர் உருக்குக் குண்டு, ஓர் அடிமட்டம். பத்து அங்குல உயரத்திலிருந்து குண்டை விடவேண்டும். எட்டு அங்குலம்வரை திரும்பி எழும்பினால் மிக நல்ல முகம். ஏழு என்றால் நம்பி வேலை செய்யலாம். ஐந்துக்குக் கீழே போனால் அங்கே கடினம் இல்லை, அல்லது அடியில் வெடிப்பு இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் விட்டுப்பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. நாங்கள் முகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பார்த்தோம். கொம்புக்குக் கிட்ட எட்டு. பள்ளத்தில் ஏழரை. கெட்டுப்போன மூலையில் நாலு. மூத்தவரின் காது சொன்னதை அடிமட்டமும் அப்படியே சொன்னது.

குண்டு எழும்புவதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சுத்தியல் அடிக்கும்போது, பட்டடை கீழிருந்து திருப்பி அடிக்கிறது. முகம் மென்மையாக இருந்தால் அடியின் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். மாலையில் அந்தப் பங்கைக் கொடுத்த கை வலிக்கும். கடினமான முகத்தில் சுத்தியல் தானே எழும்புகிறது. தூக்கும் வேலையில் பாதி பட்டடையுடையது. எடையும் இதனால்தான் முக்கியம். சுத்தியலைவிடப் பட்டடை ஐம்பது மடங்கு இருக்க வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு. அந்தக் கணக்கில் இந்த 174 இறாத்தலுக்கு மூன்றரை இறாத்தல் சுத்தியல் பொருந்தும். சம்மட்டி விழும்போது குற்றியும் அதன் கீழுள்ள நிலமும் சேர்ந்துதான் தாங்குகின்றன. அதனால்தான் பழைய கம்மாலைக்காரர் குற்றியை அவ்வளவு ஆழமாகப் புதைத்தார்கள்.

இன்னொரு சோதனையை எங்கள் ஊரில் கட்டாயம் செய்ய வேண்டும். போரில் வீடுகளும் பட்டறைகளும் எரிந்த நிலம் இது. கடினமாக்கிய உருக்கு 250 பாகை, 300 பாகை தாண்டினாலே இளகத் தொடங்கும். எரிந்து விழும் கூரை அதைவிடப் பலமடங்கு சூடு. தீக்குள் கிடந்து மெல்ல ஆறிய பட்டடை பார்வைக்கு எந்த மாற்றமும் காட்டாது. எழுத்து இருக்கும், எடை இருக்கும், ஒலிகூட இருக்கும். முகத்தின் கடினம் மட்டும் போயிருக்கும். அதை அறிய ஒரு நல்ல அரம் போதும். முதலில் பட்டடையின் அடிப்பாகத்தில், தேனிரும்பில், ஒரு இழுப்பு. அரம் பிடித்துத் துகள் உதிரும். பிறகு அதே அழுத்தத்தில் முகத்தில் ஒரு இழுப்பு. வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. அடியில் பிடித்தது போலவே முகத்திலும் பிடித்தால், அந்தப் பட்டடை ஒரு தீயைக் கண்டிருக்கிறது. அதை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பழுத்த இரும்பை வளைக்கவும் தகடு தட்டவும் அது உதவும். ஆனால் அதற்கு உருக்கு முகத்தின் விலை கொடுக்க வேண்டாம்.

இனித் தேய்மானத்தைப் பற்றி. பள்ளம் விழுந்த பட்டடையைப் பழுதானது என்று ஒதுக்குகிறவர்கள் அநேகர். நான் அப்படி நினைக்கவில்லை. அடிமட்டத்தை முகத்தின் நீளவாக்கில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் பள்ளத்தின் ஆழம் தெரியும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் பள்ளம் பெரும்பாலான வேலைகளுக்குத் தடையில்லை. சிலவற்றுக்கு அது வசதி. வளைந்துபோன ஒரு கத்தியையோ சட்டத்தையோ நிமிர்த்த வேண்டுமானால் சற்றுக் குழிந்த இடத்தின் மேல் வைத்து எதிர்ப்பக்கம் தட்ட வேண்டும். தட்டையான முகத்தில் அது நிமிராது, திரும்பத் துள்ளும். பொரிந்த விளிம்பும் அப்படித்தான். கூரான விளிம்பில் வைத்து அடித்தால் இரும்பில் மடிப்பு விழுந்து பிறகு அங்கே வெடிக்கும். அனுபவசாலிகள் தாங்களே விளிம்பை உருட்டி வைப்பார்கள். வெட்டிய தழும்புகள் எங்கே இருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். கொம்புக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள தாழ்ந்த படி, உளிவைத்து வெட்டுவதற்கென்றே மென்மையாக விடப்பட்டது. அங்கே தழும்பு இருப்பது ஒழுங்கான தொழிலாளியின் அடையாளம். முகத்தின் நடுவே உளித் தழும்பு இருந்தால் பழகாத கை பட்டிருக்கிறது. எங்கள் பட்டடையின் படி முழுவதும் தழும்பு. முகத்தில் ஒன்றுகூட இல்லை. இறந்துபோன அந்த ஆசாரியாரை நான் நேரில் கண்டதில்லை. ஆனால் அவர் எப்படி வேலை செய்தார் என்று எனக்குத் தெரியும்.

முகத்துப் பள்ளம் நடுவில் இல்லாமல் கொம்பை ஒட்டிச் சற்று முன்னே விழுந்திருந்தது. ஆளுயரமான அலவாங்கைக் கொண்டுவந்து நுனி காய்ச்சி அடிக்கும்போது அதன் நீளம் வால்பக்கமாக நீண்டு கிடக்கும். அடிக்கிறவர் கொம்புப் பக்கம் நிற்பார். கிணறு வெட்டுகிறவர்களும் கல்லுடைக்கிறவர்களும் கூராக்கக் கொடுத்த அலவாங்குகள் விழுத்திய பள்ளமாகத்தான் அதை நான் கொள்கிறேன். கொக்குவில் ஒருகாலத்தில் சுருட்டுக் கொட்டில்களால் பேர்பெற்ற ஊர். புகையிலை வெட்டும் கத்தி, தோட்டத்து மண்வெட்டி, உழவாரம், சத்தகம், சீவல் தொழிலாளரின் பாளைக்கத்தி எல்லாம் இப்படியொரு முகத்தின் மேல்தான் உருவாயின.

திருத்துவதைப் பற்றி எழுதும்போது எனக்குள் ஒரு வருத்தம் எழுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இருந்த சிறிய பட்டடை ஒன்றைத் தட்டையாக்க வேண்டும் என்று ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். யந்திரத்தில் வைத்துச் சீவிக் கண்ணாடி போல ஆக்கித் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் நாள் அடித்தபோதே சுத்தியல் முகத்தில் பதிந்தது. உருக்குத் தகடு ஏற்கெனவே மெலிந்திருந்தது. மிஞ்சியிருந்த கடினத்தையும் யந்திரம் எடுத்துவிட்டது. நான் கேட்டதைத்தான் அவர்கள் செய்தார்கள். கேட்கக்கூடாததை நான் கேட்டேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்வது ஒன்றே: முகத்தைச் சீவாதீர்கள்.

வெல்டிங் செய்து விளிம்பு கட்டலாமா என்பது அடுத்த கேள்வி. முடியும், ஆனால் எளிதல்ல. சாதாரண வெல்டிங் குச்சியால் கட்டினால் மென்மையான இரும்பு அங்கே சேரும். நாலு நாளில் அமுங்கிவிடும். கடினக் குச்சியால் கட்டினால், குளிர்ந்த உருக்கின் மேல் சூடு திடீரென்று விழுந்து, கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வெடிப்பு ஓடும். முறையாகச் செய்வதென்றால் பட்டடை முழுவதையும் 200 பாகையளவில் சூடாக்கி, அந்தச் சூடு குறையாமல் கட்டி, மண்ணிலோ சாம்பலிலோ புதைத்து ஒரு நாள் முழுக்க மெல்ல ஆறவிட வேண்டும். 80 கிலோ இரும்பை அப்படிச் சூடாக்கும் வசதியும் பொறுமையும் உள்ளவருக்கு அது சரி. மற்றவர்கள் கெட்ட மூலையை விட்டு நல்ல இடத்தில் வேலை செய்வதே உத்தமம். முகம் பெரியது. அதில் தினமும் அடிபடுவது ஒரு கையகலம்.

ஆங்கிலப் பட்டடை கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் இந்தக் கேள்விக்குள் அடங்கும். பழைய முறையில் கொல்லர் குந்தியிருந்து வேலை செய்வார். அவருக்குக் கொம்பும் துளையும் உள்ள உயர்ந்த பட்டடை வேண்டியதில்லை. நிலத்தில் புதைத்த சதுரக் கட்டை போதும். ஒரு முகம் தேய்ந்தால் புரட்டிப் போட்டு மறுமுகத்தில் அடிக்கலாம். அது குறைவான கருவி என்று நினைப்பது தவறு. வேறொரு உடல்நிலைக்கும் வேறொரு வேலைமுறைக்கும் அளவாக அமைந்த கருவி அது. பிறகு வந்தது தண்டவாளத் துண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து காங்கேசன்துறைப் பாதையில் கொக்குவில் வழியாக றெயில் ஓடியது. 1990இல் போரால் நின்றது. பாதையிலிருந்து பெயர்த்த தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. பொருளாதாரத் தடையால் இரும்பு கிடைக்காத அந்த ஆண்டுகளில் கையில் அகப்பட்ட துண்டெல்லாம் கருவியாயிற்று. ஒரு யார் நீளத்துக்கு 80 இறாத்தல் கணக்கான தண்டவாளத்தில் ஓரடித் துண்டு ஏறக்குறைய 27 இறாத்தல் வரும். நல்ல உருக்கு, ஆனால் எடை போதாது. படுக்கவைத்தால் நடுவிலுள்ள மெல்லிய கழுத்து துள்ளும். நிமிர்த்திக் குற்றிக்குள் இறக்கி, வெட்டுமுகத்தின் மேல் அடித்தால் முழு நீளமும் அடிக்குக் கீழே வந்து தாங்கும். முகம் சிறிது, ஆனால் அடி நேராக இறங்கும். தண்டவாளத் துண்டோடு ஒப்பிட்டால்தான் தேய்ந்த பழைய பட்டடையின் உண்மையான மதிப்பு எனக்குத் தெளிவாகிறது. மூலை உடைந்த நிலையிலும் அது ஆறு மடங்கு எடை, அகலமான முகம், வளைக்க ஒரு கொம்பு, உளி நிறுத்த ஒரு சதுரத் துளை, ஆணி இறக்க ஒரு வட்டத் துளை.

1995 ஒக்டோபர் முடிவில், போர் நெருங்கியபோது, கொக்குவிலை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. கையில் எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். பட்டடை எடுக்கக்கூடிய பொருள் அல்ல. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்களில் சிலருக்குக் கதவும் நிலையும்கூட மிஞ்சவில்லை. இந்தக் கம்மாலையில் பட்டடை அப்படியே இருந்தது, உடனே வேலை தொடங்க முடிந்தது என்று அந்த உறவினர் சொன்னார். திரும்பி வந்த சனத்துக்கு அந்த நேரம் மண்வெட்டியும் கத்தியும் தேவைப்பட்டன. 2009இல் போர் முடிந்தபின் தெற்கே போகும் தரைப்பாதை திறந்தபோது பழைய இரும்பு ஏற்றும் லொறிகள் வந்தன. போர் கொண்டுபோகாத எத்தனையோ கருவிகள் அந்த லொறிகளில் ஏறிப் போய்விட்டன. விற்றவர்களுக்குக் காசு தேவையாக இருந்தது. அதில் பிழை இல்லை. அவர்களுக்கு ஒரே ஒரு விலைதான் சொல்லப்பட்டது என்பதே என் ஆதங்கம்.

சேகரிப்பாளர் உலகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பொழுதுபோக்காக உலை மூட்டுகிறவர்கள் பெருகியபின் பழைய பட்டடைகளின் விலை இரும்பு விலையைவிடப் பலமடங்கு ஏறிவிட்டது. 2015இல் தொடங்கிய கத்தி அடிக்கும் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சி அந்த ஆசையைத் தூண்டியது என்று அங்கே பரவலாகப் பேசுகிறார்கள். அவர்களும் பெயரைவிட முகத்தின் கடினத்துக்கும் விளிம்பின் நிலைக்கும்தான் அதிகம் கொடுக்கிறார்கள். அந்த விலையை வைத்து இங்கே கனவு காணவேண்டாம். 79 கிலோவைக் கடல் கடத்தும் செலவு அதை விழுங்கிவிடும்.

நூதனசாலைக்குக் கொடுக்கலாமா என்றும் பேச்சு வந்தது. கொல்லரின் கருவிகள் முழுத் தொகுதியாக, துருத்தியும் குறடும் சம்மட்டியும் செய்த பொருட்களும் சேர்ந்து ஓரிடத்தில் பேணப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. யாழ்ப்பாணத்தின் தொழில்வரலாறு கோயிலும் கோட்டையும் மட்டுமல்ல. ஆனால் தனியே ஒரு பட்டடையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பார்க்கிறவருக்கு அது ஓர் இரும்புக் கட்டி. அதோடு, அந்தத் தொழிலைச் செய்தவர்கள் சாதியின் பெயரால் பட்டதை மறைத்து, கருவியை மட்டும் பாரம்பரியம் என்று கொண்டாட எனக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனதற்கு அந்த அவமதிப்பும் ஒரு காரணம். விட்டுப்போனவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். தொழிலைத் தானாக விரும்பி எடுக்கிறவர் எந்தச் சாதியானாலும், அவர் கைக்குப் பட்டடை போகட்டும்.

அப்படி ஒருவன் கிடைத்தான். கோண்டாவிலில் வெல்டிங் கடை வைத்திருக்கும் இளைஞன். கேற்றும் ஜன்னல் கம்பியும் செய்கிறவன். லொறி வில்லுத் தகட்டில் கத்தி அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறான். இதுவரை தண்டவாளத் துண்டில் அடித்தவன். வீட்டைப் பார்க்கும் உறவினர் பழைய இரும்பு விலையைவிடக் கொஞ்சம் கூடக் கேட்டார். அவன் பேரம் பேசாமல் கொடுத்தான். மூத்தவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"முகத்தில கிரைண்டர் வைக்கக்கூடாது. விளங்கிச்சோ?"

"வைக்கமாட்டன், ஐயா. உந்த மூலையை மட்டும் வெல்ட் பண்ணட்டோ?"

"அதையும் தொடாதை. அது கிடக்கட்டும். நீ இஞ்சால அடி."

பழைய புளியங்குற்றியின் மேற்பாகம் உளுத்திருந்ததால் ஒரு சாண் வெட்டிவிட்டு, மிஞ்சியதைத் தோண்டியெடுத்துக் கடைக்கே கொண்டுபோனார்கள். நின்று வேலை செய்கிறவன் என்பதால், கையைத் தொங்கவிட்டு முட்டி மடக்கினால் முகம் முட்டியைத் தொடும் உயரத்துக்கு அதை நிறுத்தினார்கள். பட்டடையை ஏற்றியபின் மூத்தவர் ஒரு சுண்ணக்கட்டியை வாங்கி, தகடு விட்ட மூலையைச் சுற்றி ஒரு கோடு வரைந்தார். முதல் வேலையாக ஓர் அலவாங்கு வந்தது. கொம்புப் பக்கத்தில், பழைய பள்ளத்தின் மேலேயே வைத்து அடித்தான். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கரியும் செதிலும் பட்டுச் சுண்ணாம்புக் கோடு அழிந்து அழிந்து போகிறதாம். காலையில் கடை திறந்ததும் திரும்பக் கீறிவிட்டுத்தான் உலை மூட்டுகிறான்.